இருபத்தெட்டில் பாதி

ஒன்பது வருஷமாக ஒவ்வொரு மே மாதமும் ஒடீல் டீச்சரிடமிருந்து எனக்குப் போன் வரும். "ஃபிர்மேன், குளம் மறுபடியும் பச்சையாயிடுச்சு." எங்கள் உஸெஸ் ஊர்ப் பக்கத்தில் நீச்சல்குளம் பராமரிக்க நான் ஒருவன்தானா? ஆனாலும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். பாசியைத் தேய்த்து முடித்ததும் அத்தி மரத்தடியில் ஆளுக்கொரு கிளாஸ் சோம்பு மணக்கும் பாஸ்டீஸ் மது, ஒரு தட்டு ஆலிவ். அவர் கணவரைப் பிரிந்தவர். நான் மனைவியைப் பறிகொடுத்தவன். பேச்சு நீளும், 'நீங்க'வைத் தாண்டாது. அந்த ஒரு மாலைக்காகத்தான் மிச்ச வருஷத்தை ஓட்டினேன். என் தம்பி கேட்டால் சிரிப்பான், சிரிக்கட்டும்.

இந்த மார்ச்சில் அவர் குண்டைத் தூக்கிப் போட்டார். "என் தங்கச்சி வந்து, இது குளமா தவளைக் குட்டையான்னு கேட்டுட்டுப் போயிட்டா. புதுப்பிச்சுடலாம். இனிமே பாசியே வரக்கூடாது. முடியுமா?"

முடியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பாழாய்ப்போன தொழில் கர்வம் விட்டால்தானே! "ஏன் முடியாது மேடம்?" என்றேன்.

மூன்று வாரம் தினமும் போனேன். பழைய பிளாஸ்டிக் விரிப்பைக் கிழித்தேன். அதன் மடிப்புகளுக்குள்தான் பாசி குளிர்காலம் முழுக்கக் குடியிருந்தது. படிக்கட்டு மூலையில் தண்ணீர் அசையாது. பச்சை எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும். அந்த மூலையைப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்ச சுவரில் இன்னொரு நீர்வாய் வைத்தால் தீர்ந்தது. துளை போடும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போட்டால், அடுத்த மே மாதம் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? போடாவிட்டால் நானெல்லாம் ஒரு தொழில்காரனா?

"என்ன, சுவரோட சண்டையா?" ஜன்னலிலிருந்து கேட்டார்.

"ஆமா மேடம். சுவர் ஜெயிச்சுரும் போலிருக்கு."

போட்டேன்.

கடைசி நாள் மோட்டார் டைமரைக் காட்டினேன். "தண்ணி எத்தனை டிகிரியோ, அதுல பாதி மணி நேரம் தினமும் ஓடணும். இருபத்தெட்டு டிகிரின்னா?"

"பதினாலு. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவகிட்டயே கணக்கா?"

"அப்ப இனி நான் தேவையில்ல."

அத்தி மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தோம். ஆலிவ் கொட்டைகளை எண்ணுவதுபோல் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே போயிற்று. ஜூனும் போயிற்று. போனைத் திட்டினேன், என்னையே கெடுத்த என் கைகளைத் திட்டினேன். ஜூலையில் போன் அடித்தது. "பச்சையாயிடுச்சு."

முதலில் கோபம்தான் வந்தது. என் வேலையிலா பாசி! வண்டியை விரட்டினேன். குளம் கீரைச் சாறாய்க் கிடந்தது. மோட்டார் அறையைத் திறந்தேன். டைமர் இரண்டு மணி நேரத்தில் இருந்தது.

"இருபத்தெட்டுல பாதி ரெண்டா மேடம்?"

வாசலில் நின்றவரின் முகம் சிவந்துபோயிருந்தது. "பதினாலுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம்?"

"நீ மூணு வாரம் தினமும் வருவேன்னுதான் புதுப்பிக்கச் சொன்னேன். அதுக்கப்புறம் வரவே மாட்டேங்கறதைக் கணக்குல விட்டுட்டேன்."

'நீ' என்றார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

டைமரைப் பதினாலுக்குத் திருப்பினேன்.

"இனிமே குளத்தைக் கெடுக்காதே ஒடீல்," என்றேன். "சும்மாவே கூப்பிடு."