நாகப்பன் வெச்ச சீல்

எனக்கு ஆரையும் நம்பி பழக்கமில்ல. சலூன்ல ஒக்காந்தாகூட பின்னாடி எவன் நிக்கிறான்னு கண்ணாடியில பாத்துக்கினேதான் முடி வெட்டிக்குவேன். மெக்கானிக் வேலைக்கு அது நல்ல குணம்னுதான் இருபது வருஷமா நெனச்சுக்கினு இருந்தேன்.

தொண்ணூத்தொண்ணு ஜனவரி. தண்டலத்துல நரசிம்மன் சாரோட ரேஸ் ஷெட்டுல நான்தான் ஹெட் மெக்கானிக். இருங்காட்டுக்கோட்டையில டிராக் வந்து ஒரு வருஷம்கூட ஆவல. ஓப்பன் கிளாஸ் ரேஸ்ல எந்த எரிபொருள் வேணா ஊத்திக்கலாம்னு சொன்னதும் சாருக்கு ஆசை புடிச்சுக்கிச்சு.

"நாகப்பா, பெட்ரோலை மறந்துடு. இந்த தபா ஸ்பிரிட்ல ஓட்டறோம்"னாரு.

"வண்டி தள்ளாடாதா சார்?"னு கேட்டேன். சிரிச்சாரு. பெர்மிட் வாங்கி ஒரு டிரம் ஸ்பிரிட்டும் எறக்கிட்டாரு. எவனும் குடிச்சுடக் கூடாதுன்னு கசப்பு மருந்து கலந்த சரக்கு.

ஸ்பிரிட்ல ஓடணும்னா பெட்ரோலைப் போல ஒண்ணரை பங்கு உள்ள போவணும். கார்புரேட்டர்ல எரிபொருள் போற ஜெட்டு ஓட்டையைப் பெருசாக்கணும், பம்பை மாத்தணும், ரப்பர் டியூபைத் தூக்கிட்டு ஸ்டீல் பைப் போடணும். எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது. தெரிஞ்சவன் ஜெபகுமார். குன்றத்தூர்க்காரன், முப்பது வயசு. ஊசி கணக்கா இருக்குற ட்ரில்லை விரலாலயே உருட்டி உருட்டி ஓட்டையைப் பெருசாக்குவான். பாக்க வயிறு எரியும் எனக்கு, மறைப்பானேன்.

ஆனா அவன் ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் கன்னியப்பன் ஷெட்டுல இருந்தவன். கன்னியப்பன்னா ரேஸுக்கு ரேஸ் எங்களை மண்ணைக் கவ்வ வெக்கிற ஆளு. அங்கேந்து ஒருத்தன் சும்மா வருவானா?

"அந்த ஆளு கைநீட்டி அடிக்கிறாருண்ணே. அதான் வந்துட்டேன்"னு சொல்லிக்கினு திரிஞ்சான் ஜெபா. கதை வுடறான்னு நெனச்சேன்.

அதனால நான் ஒரு வேலை பண்ணேன். ஷெல்லாக் இருக்கே, கசியாம இருக்க ஜாயிண்ட்டு நடுவுல வெக்கிற கேஸ்கெட்டுக்கு மெக்கானிக்குங்க பூசுற அந்த செவப்புப் பசை, அதை எடுத்து டேங்க் மூடி, பில்டர் மூடி, கார்புரேட்டர் ஜாயிண்ட்டுன்னு எங்கெல்லாம் தொறக்க முடியுமோ அங்கெல்லாம் உள்ளயும் வெளியயும் அப்பினேன். காஞ்சா கல்லு மாதிரி ஆயிடும். எவனாவது தொறந்தா பசை விரிசல் வுட்டு வெடிச்சுடும், காட்டிக் குடுத்துடும். நான் வெச்ச சீல்.

ஜெபா பாத்துட்டு ஓடியாந்தான். "அண்ணே, ஸ்பிரிட்டுக்கு இது வேணாம்ணே. இன்னான்னா..."

"இன்னாடா? சீல் வேணாமா உனக்கு? ஏன், தொறக்கிற வேலை எதுனா கீதா?"

அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. ட்ரில்லை எடுத்துக்கினு வேலைக்குத் திரும்பிட்டான். சீல் வேணாங்கறவன் எவனா இருப்பான், நீங்களே சொல்லுங்க! அன்னிக்கு எனக்கு அப்படித்தான் தோணுச்சு.

வெள்ளிக்கெழமை பிராக்டிஸ். டிரைவர் பிரவீன்குமார் மொத ரெண்டு ரவுண்டு பேய் மாதிரி ஓட்டுனான். மூணாவது ரவுண்டுல இஞ்சின் திக்குது, இருமுது, நின்னே போச்சு. தள்ளிக்கினு வந்து பில்டரைக் கழட்டுனேன். உள்ள பூரா பழுப்பா, பிசுபிசுன்னு ஒரு கூழு.

"வெல்லம்! எவனோ டேங்க்ல வெல்லத்தைப் போட்டுட்டான் சார்!"னு கத்துனேன். சுத்தி நின்ன மத்த ஷெட்டு ஆளுங்கல்லாம் கூடிட்டாங்க.

நாக்குல வெச்சுப் பாத்தேன். கசந்துச்சு. ஸ்பிரிட்டு கசப்பு இனிப்பை அமுக்கிடுச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். ஜாயிண்ட்டுங்கள்ல லேசா கசிவு வேற. சரி, எவனோ தொறந்திருக்கான். எவனோ இன்னா எவனோ!

"கன்னியப்பன்கிட்ட இன்னாடா வாங்குனே?"ன்னு ஜெபா சட்டையைப் புடிச்சேன்.

"அண்ணே, நான் தொறந்திருந்தா உங்க சீல் வெடிச்சிருக்கணுமே. வெடிச்சிருக்கா பாருங்க."

"வெடிச்சதை மறுபடி பூசியிருப்பே. உனக்கா தெரியாது!"

அம்பது பேரு பாத்துக்கினு இருந்தாங்க. ஒருத்தன்கூட ஆதாரம் இன்னான்னு கேக்கல. நரசிம்மன் சார் மெதுவா, "நீ கெளம்புப்பா"ன்னாரு. ஜெபா என்னைத்தான் பாத்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். திட்டல, போயிட்டான்.

சனிக்கெழமை எல்லாத்தையும் கழுவி, புதுசா ஷெல்லாக் வாங்கியாந்து முன்னவிட ரெண்டு பங்கு அப்பினேன். ஞாயித்துக்கெழமை ரேஸ். நாலாவது ரவுண்டுல அதே திக்கல், அதே இருமல். பில்டரைத் தொறந்தா அதே கூழு. அன்னிக்கு ஜெபா டிராக் பக்கமே இல்ல. பிரவீன்குமாரை மொறைச்சேன், ஸ்பிரிட்டு கொண்டாந்த லாரிக்காரனை நெனச்சேன், சத்தியமா சொல்றேன், சார் மேலகூட ஒரு நிமிசம் சந்தேகம் வந்துச்சு.

திங்கக்கெழமை டீ குடிக்கப் போனேன். பக்கத்துத் தச்சுக் கடையில ரத்தினம் ஒரு கட்டிலுக்கு பாலிஷ் போட்டுக்கினு இருந்தான். அவன் பாட்டில்ல பழுப்பா, பிசுபிசுன்னு... டீ கிளாஸை வெச்சுட்டு கிட்டப் போனேன்.

"இன்னாப்பா அது?"

"அரக்குதான். மெக்கானிக்குங்க ஷெல்லாக்குன்னு சொல்வீங்களே, அதேதான்."

"எதுல கரைச்சே?"

"வேற எதுல? ஸ்பிரிட்லதான். பெட்ரோல்ல போட்டா நாள் பூரா கெடக்கும், கரையாது. ஸ்பிரிட்ல போட்டா காலையில பாயசம்."

அய்யோ, அடப்பாவி நாகப்பா! இருபது வருஷமா பெட்ரோல் வண்டிக்குப் பூசுன கை, யோசிக்காம ஸ்பிரிட் வண்டிக்கும் பூசியிருக்கு. அதைத்தானே ஜெபா சொல்ல வந்தான்? வாயைத் தொறக்க வுட்டேனா?

சார்கிட்ட போயி எல்லாத்தையும் ஒளறிக் கொட்டுனேன். "அவனைக் கூட்டிக்கினு வா"ன்னாரு.

குன்றத்தூர்ல வூட்டைத் தேடிப் புடிக்க ஒரு வாரம் ஆச்சு. கதவைத் தொறந்தது அவன் சம்சாரம் மதிவதனி. உள்ள வான்னுகூட சொல்லல. கன்னியப்பன் ஆளுன்னு பேரு வாங்குனவனை எந்த ஷெட்டும் சேக்கலையாம். கன்னியப்பனும் சேக்கல. படப்பையில லாரிக்கு கிரீஸ் அடிச்சுக்கினு இருந்தவன் சாயங்காலம்தான் வூட்டுக்கு வந்தான். வாசல்லயே நின்னு எல்லாத்தையும் சொன்னேன். அழுதேன், வெக்கத்தை வுட்டுச் சொல்றேன்.

ஜெபா கேட்டுக்கினான். "இங்க சொன்னா என் பொண்டாட்டிக்குத்தாண்ணே கேக்கும். நான் பண்ணலன்னு அவளுக்குத் தெரியும். நீங்க எங்க சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க."

அடுத்த ரேஸு பிப்ரவரி கடைசியில. ஜெபா துவைச்ச யூனிபார்ம் போட்டுக்கினு, டூல் பெட்டியோட வந்திருந்தான். அன்னிக்கே வேலையில சேந்துடலாம்னு வந்தவன். நான் எல்லா ஷெட்டு ஆளுங்களையும் கூப்ட்டு நிக்க வெச்சேன். கண்ணாடி டம்ளர்ல ஸ்பிரிட்டு ஊத்தி, காஞ்ச ஷெல்லாக்கைத் தூளாக்கிப் போட்டுக் கலக்கி, கரையிற வரைக்கும் நிக்க வெச்சேன்.

"பாத்துக்கங்க. வெல்லமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கையாலதான் கெட்டுச்சு. ஜெபகுமார் மேல ஒரு தப்பும் கெடயாது."

எல்லாரும் தலையாட்டுனாங்க. அப்பறம் கன்னியப்பன் பல்லு குத்திக்கினே கேட்டான். "அதெல்லாம் சரிப்பா. ஆனா அவன்கிட்ட எதுனா ஒண்ணு இருக்கப் போயிதானே உனக்கு சந்தேகம் வந்துச்சு?"

"ஒண்ணும் இல்லய்யா! எங்கிட்டதான் இருந்துச்சு அது!"ன்னு தொண்டை கிழிய கத்துனேன். எவனும் என்னைப் பாக்கல. எல்லார் கண்ணும் ஜெபா மேலதான் இருந்துச்சு. பிரவீன்குமார் டம்ளரை மோந்து பாத்துட்டு, "இருந்தாலும் சார், ரேஸ் அன்னிக்கு எதுக்கு ரிஸ்க்கு?"ன்னு முணுமுணுத்தான்.

நரசிம்மன் சார் தரையைப் பாத்தாரு. "அடுத்த மாசம் பாக்கலாம்பா"ன்னாரு.

ஜெபா பெட்டியைத் தூக்குனான். நான் ஓடிப்போயி இன்னொரு பக்கத்துக் கைப்பிடியைப் புடிச்சேன். வேணாங்கல அவன். ரெண்டு பேரும் கேட் வரைக்கும் நடந்தோம்.

கேட்டுல வாச்மேன். இந்த ஒரு வருஷத்துல என் பெட்டி எதையும் அவன் தொறந்து பாத்ததில்ல. எனக்கு சலாம் வெச்சுட்டு, ஜெபா பக்கம் திரும்பி, "பெட்டியைத் தொறந்து காட்டுப்பா"ன்னான்.

ஜெபா குந்திக்கினு பெட்டியைத் தொறந்தான். ஸ்பேனரை ஒண்ணொண்ணா எடுத்து கீழ வெச்சான்.