ஹோகுவுக்கு ஒரு வயது

"உனக்குப் பன்றிக்கறி ஆகுமா ஆகாதா? இப்பவே சொல்லிடு" என்று கூலெய் கேட்டபோது, நாங்கள் இருவரும் ஒரு கட்டில் விரிப்பின் இரண்டு பக்கங்களையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஓட்டலின் தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது எங்கள் சலவைக்கூடம். மேலே கடல் தெரியும் அறைகள். கீழே எங்களுக்கு நீராவியும் இயந்திரங்களின் இரைச்சலும்தான். அங்கே பேசுவது என்றால் கத்த வேண்டும். அதனால் எங்கள் அந்தரங்கங்கள் எல்லாம் கத்திச் சொன்னவைதான்.

"எங்க ஊர்ல பன்றி இல்லாம கல்யாணமே கிடையாது. நான் ராய் சாதிக்காரி அக்கா. எங்கள யாருன்னு நினச்ச?"

"நேபாளத்துக்காரங்க எல்லாரும் மலை உச்சில உக்காந்து கண்ண மூடிட்டிருப்பீங்கன்னு நினச்சேன்."

"தீவுக்காரங்க நீங்க எல்லாரும் புல்லுப் பாவாட கட்டிக்கிட்டு ஆடுவீங்கன்னு நான் நினச்ச மாதிரி."

கூலெய் சிரித்தால் உடம்பு முழுவதும் குலுங்கும். விரிப்பு கை நழுவித் தரையில் விழுந்தது. அதைத் திரும்பவும் துவைக்கப் போட்டுவிட்டு வந்து சொன்னாள்: "ஞாயித்துக்கெழம ஹோகுவுக்கு ஒரு வயசு ஆவுது. கரையிலதான் விருந்து. வந்துரு."

ஹோகு அவளுடைய மகள். இந்தத் தீவுகளில் குழந்தையின் முதல் பிறந்தநாளைக் கல்யாணத்தைவிடப் பெரிதாகக் கொண்டாடுவார்கள். வெளியிலிருந்து கப்பல்களில் நோய்கள் வந்த காலத்தில், ஒரு குழந்தை ஓர் ஆண்டைத் தாண்டினால் அதுவே வெற்றி. எங்கள் மலையிலும் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் நாளை அப்படித்தான் கொண்டாடுவோம், ஏறக்குறைய அதே காரணத்துக்காக.

எங்கள் இருவருக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. யாருடைய ஊர் அதிக மோசம் என்று போட்டி. தோற்றவள் காப்பி வாங்கித் தர வேண்டும். "எங்க சொந்தத்துல பாதிப் பேரு லாஸ் வேகாஸ் பாலைவனத்துக்குப் போயிட்டாங்க, இங்க வாடக கட்ட முடியாம" என்பாள் அவள். "எங்க சொந்தத்துல பாதிப் பேரு கத்தார் பாலைவனத்துல. என் தம்பியும் அங்கதான்" என்பேன் நான். "எங்க ராணிய வெளியாளுங்க நாற்காலியிலேருந்து இறக்கிவிட்டாங்க" என்பாள். "எங்க ராஜாவ நாங்களே இறக்கிவிட்டோம்" என்பேன். அன்றைக்குக் காப்பி நான்தான் வாங்கினேன். "நீங்களே இறக்கினா அது மோசத்துல சேராதுடி, அது பெரும" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஒருநாள் மட்டும் விளையாட்டு நின்றுபோனது. "உங்க ஊர்ல உங்களுக்கு நெலம் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். எங்கள் மாவட்டமான போஜ்பூரில், மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்கள். உழுவதற்குத்தான் ஆள் இல்லை. எங்கள் ஊரில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, முற்றத்தில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. அவள் தலையணை உறையை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், பிறகும் மடித்துக்கொண்டே இருந்தாள். அவள் வீடு கடற்கரையில் ஒரு நீலத் தார்ப்பாய்க் கூடாரம். ஓட்டல் வேலை முடிந்ததும் பேருந்து பிடித்து மேற்குக் கரைக்குப் போவாள். அவளுடைய முன்னோர் மீன் பிடித்த, செத்துப் புதைந்த மண் அது. அங்கே கூடாரம் போட்டதற்காக அவளை அத்துமீறி நுழைந்தவள் என்று அறிவிப்புப் பலகை சொன்னது. நானோ குலுக்கலில் விழுந்த விசாவில் வந்தவள். எனக்குச் சுவரும் கூரையும் உள்ள ஓர் அறை இருந்தது. அந்த வித்தியாசத்தை வைத்துக் காப்பி பந்தயம் கட்ட எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்தக் கரையைக் காலி செய்யச் சொல்லி ஆணை வந்தது. ஞாயிற்றுக்கிழமையே ஆட்கள் வருவார்கள் என்றார்கள்.

"போகாத" என்றார் என் கணவர் தன்குமார். வாடகைக்கார் ஓட்டும் அவருக்கு ஊரின் எல்லாத் தகராறும் முன்கூட்டியே தெரிந்துவிடும். "போலீசு வர்ற எடம். நம்ம பேர எழுதிக்கிட்டா நாளைக்குக் குடியுரிம கேக்கறப்ப என்ன சொல்லுவ?"

"பிறந்தநாளுக்குப் போனேன்னு சொல்லுவேன்."

ஞாயிறு காலை அவரே என்னை வண்டியில் கொண்டுபோய் விட்டார். மடியில் நான் சுட்ட அரிசி மாவு வளையங்கள், ஒரு பெரிய பாத்திரம் நிறைய. கரை வளைவு வந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "புகை வருது பாரு, பயந்து ஓடற கூட்டம் மாதிரித் தெரியல" என்றார்.

அவர் சொன்னது சரி. விடியலிலேயே மணலில் குழி தோண்டி, கல்லைச் சிவக்கக் காய்ச்சி, வாழைத்தண்டைப் பரப்பி, முழுப் பன்றியை இறக்கி, இலையும் ஈரச் சாக்கும் போட்டு மண்ணால் மூடியிருந்தார்கள். அதற்குப் பின்புறம் நகராட்சி வண்டிகள் வரிசையாக நின்றன. வேலியருகே கூலெய் இடுப்பில் ஹோகுவை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் பெயர் கைப்போ. அவரும் இந்த மண்ணின் ஆள்தான், கூலெய்யோடு ஒரே பள்ளியில் படித்தவர்.

"மத்தியானத்துக்குள்ள காலி பண்ணணும் கூலெய். எனக்கு மேல இருக்கறவங்க சொல்றாங்க."

"உனக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியுமா? நீ நிக்கற எடத்துலேருந்து பத்தடியில பன்றி வெந்துட்டிருக்கு. சாயங்காலம்தான் பதமாகும். பாதி வெந்தத நீ தோண்டி எடுக்கறியா? எடுத்துட்டு உங்கம்மா மொகத்துல முழிப்பியா?"

கைப்போ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உங்கண்ணன் என்ன சொல்றாரு?"

"அவர்கிட்ட நீயே போய்க் கேளு. எனக்கே பயம்."

அவளுடைய அண்ணன் கெயாவே கூடார நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் நீள ஓடத்தின் பின்முனையில் நின்று அதைத் திருப்புகிறவர் அவர்தானாம். இப்போது சர்க்கரை நோய் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது, சிறுநீரகமும் போய், பெரிய எலும்புகளின் மேல் தோலைப் போர்த்தியது போல இருந்தார். குரல் மட்டும் குறையவில்லை. கைப்போ அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததைப் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று என் காதில் விழவில்லை. எழுந்து வந்த கைப்போ தன் ஆட்களிடம், "சூரியன் கடல்ல எறங்கறவரைக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அப்படி ஒரு விருந்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஹோகுவுக்குக் கழுத்து மறையப் பூமாலைகள். சேப்பங்கிழங்கு மசியலை நான் மூன்று விரலால் வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்த கிழவர்கள், "இவ நம்ம பொண்ணுதான், எங்கேயோ தொலஞ்சு போயிட்டா" என்றார்கள். என் அரிசி வளையங்களைக் குழந்தைகள் கையில் வளையலாக மாட்டிக்கொண்டு, கடித்துக் கடித்துத் தின்றன. குழியைத் திறந்தபோது எழுந்த ஆவியில் எல்லோரும் ஒரு கணம் மறைந்து மீண்டும் தோன்றினார்கள். முதல் தட்டு கைப்போவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் போனது. "விருந்தாளி யாரா இருந்தாலும் முதல்ல அவங்களுக்கு" என்றாள் கூலெய். அவர்கள் தயங்கினார்கள். பிறகு வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்ட கையோடு, கரையில் குடியிருந்தவர்கள் தாங்களாகவே கூடாரங்களை அவிழ்க்கத் தொடங்கினார்கள். யாரும் அழவில்லை, யாரும் கத்தவும் இல்லை. பாய்களை மடித்தார்கள், குழியை மூடினார்கள், தென்னை ஓலையால் மணலைப் பெருக்கினார்கள். தங்கள் வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்கள்கூட அவ்வளவு சுத்தமாகப் பெருக்கிவிட்டுப் போக மாட்டார்கள். "அவங்க வந்து கூட்டறதுக்கு இங்க ஒண்ணும் இருக்கக் கூடாது" என்று கூலெய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போனாள். சாலைக்கு அந்தப் பக்கம், அவளுடைய சித்தப்பா மகன் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் இப்போதைக்கு இடம். அதற்குப் பிறகு எங்கே என்று அவளுக்கும் தெரியாது.

கடைசியில் கெயாவே மட்டும் மீதி இருந்தார். அவருடைய சக்கர நாற்காலியைக் காலியாகவே மணலில் இரண்டு முறை தள்ளிப் பார்த்தார்கள், அது புதைந்து நின்றது. சொந்தக்கார ஆண்கள் எல்லோரும் குளிர்ப்பெட்டியையும் கட்டிலையும் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போயிருந்தார்கள். கைப்போவின் ஆட்கள் நான்கு பேர் ஒரு தூக்குப் படுக்கையோடு வந்தார்கள்.

"படுத்துக்கிட்டு நான் போகமாட்டேன்" என்றார் கெயாவே. "நான் இன்னும் சாகல. உங்க கையும் என்மேல படவேணாம். தம்பிங்களா, கோவிச்சுக்காதீங்க, நல்லா சாப்பிட்டீங்கள்ல? போய் வண்டில உக்காருங்க."

"அண்ணா, பசங்க திரும்பி வர நேரமாகும். சூரியன் எறங்குது" என்றாள் கூலெய். அண்ணனின் நாற்காலிக் கையைப் பிடித்து அவளே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

என் நெற்றியின் நடுவில் ஒரு லேசான பள்ளம் உண்டு. கூந்தலை முன்னால் இழுத்துவிட்டு மறைத்துக்கொள்வேன். சுமைக்கயிறு பதிந்த இடம் அது. எங்கள் மலையில் விறகும் நெல்லும் உப்பும் முதுகில்தான் போகும், பாரம் முழுவதையும் நெற்றிப்பட்டை தாங்கும். என் அப்பா வெள்ளைக்காரர்களின் மூட்டைகளை அப்படித்தான் சுமந்தார். அவர்கள் அவரைப் படம் எடுத்துக்கொண்டார்கள். தம்பி பிறக்கும்போது வலி முற்றிய அம்மாவைக் கூடையில் உட்காரவைத்து, அப்பாவும் நானும் மாறி மாறிச் சுமந்து மலை இறங்கினோம். பகல் முழுக்க நடந்துதான் சுகாதார நிலையத்தை அடைந்தோம். இரண்டு உயிரும் பிழைத்தன. இங்கே வண்டியில் போனால் எட்டிவிடும் தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனாலும் இந்த மனிதரின் கால் போய்விட்டது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. சுமைதூக்கி என்ற பெயரோடு இந்த நாட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, கயிறு இருக்கா? ஒரு விரிப்பும் வேணும்" என்றேன்.

பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினேன். விரிப்பைப் பட்டையாக மடித்து, என் நெற்றியில் வரும்படி அந்தக் கயிற்றோடு முடிச்சிட்டேன். விரல்கள் ஒன்றையும் மறந்திருக்கவில்லை. கெயாவே நான் செய்வதைப் புருவம் உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, உப்புமூட்டையா? என் இடுப்பு ஒசரம்கூட நீ இல்லியே."

"எங்கம்மாவ இப்படித்தான் சுமந்தேன். வயித்துல என் தம்பியும் இருந்தான்."

"உங்கம்மா திட்டினாங்களா?"

"வழி பூரா."

"நான் திட்டமாட்டேன். பாடுவேன், பரவால்லியா?"

"பாடுங்க. ஆடாதீங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, "என்னத் தூக்கறது உனக்குக் கேவலம் இல்லியே?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லண்ணா. இது எங்க தொழில்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது என் நெற்றியிலிருந்த கூந்தலை நானே பின்னுக்குத் தள்ளிவிட்டேன்.

முதுகோடு முதுகாக அவரை ஏற்றிக்கொண்டு எழுந்தேன். கூலெய் ஒரு பக்கம் பிடித்திருந்தாள். முதல் அடியில் கணுக்கால் மணலில் இறங்கியது, கழுத்து நரம்பு பழைய பாரத்தை அடையாளம் கண்டுகொண்டது. மூச்சை ஊதி ஊதி விட்டு, அடிமேல் அடி வைத்தேன். எனக்கு என் பாதங்களும் கொஞ்சம் மணலும் மட்டும்தான் தெரிந்தன. அவருக்கோ எல்லாம் தெரிந்தது. கடலைப் பார்த்து அவர் ஓதத் தொடங்கினார். தன் தகப்பன் பெயர், தகப்பனின் தகப்பன் பெயர், அவர்கள் செலுத்திய ஓடங்களின் பெயர், இந்தக் கரையின் பழைய பெயர். அதன் அதிர்வு என் முதுகெலும்பு வழியாக இறங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னாலிருந்து கூட்டம் பதில் கொடுத்தது. அந்தப் பதில் பெரிதாகிக்கொண்டே வந்தது. கைப்போவின் வண்டிகளைத் தாண்டும்போது காலையில் வேலியருகே கேட்ட ஓர் ஆண்குரலும் அதில் சேர்ந்தது போலிருந்தது. திரும்பிப் பார்க்க என்னால் முடியவில்லை.

மணல் முடிந்து தார்ச்சாலை வந்தது. ஞாயிறு மாலை, ஊர் திரும்பும் வண்டிகள் விடாமல் ஓடும் நேரம். நான் ஓரத்தில் நின்றேன். பேருந்து ஒன்று பிரேக் போடும் சத்தம் கேட்டது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். அதற்குப் பின்னால் ஒன்று, எதிர்ப்பக்கத்தில் ஒன்று என்று எல்லா இரைச்சலும் அடங்கியது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

நான் வேகமாகக் கால் எடுத்து வைத்தேன்.

"அவசரப்படாத தங்கச்சி" என்றார் கெயாவே. "எல்லாரும் பாக்கட்டும்."

நான் நடையைக் குறைத்தேன். கடலில் இறங்கிக்கொண்டிருந்த சூரியன் முதுகுப்புறம் இருந்தது. எங்கள் நிழல் எனக்கு முன்னால் சாலையின் குறுக்கே விழுந்து, இரண்டு தலைகளோடு, அகலமான ஒரே உடம்பாக, எதிரே மலை இருக்கும் பக்கம் நீண்டுகொண்டே போனது.