சாம்பல் ரோட்டில் ஒரு பெக்கோ

1.

இந்தக் கதை ஒரு படத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்முனையில் பல் டாக்டரிடம் என் முறைக்காகக் காத்திருந்தபோது போனில் அதைப் பார்த்தேன். எங்கோ ஒரு தீவு. எரிமலை வெடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. சாம்பல் மூடிய ரோட்டைத் திரும்பத் திறந்துகொண்டிருந்த மண் அள்ளும் மெசின் ஒன்று, நாங்கள் பெக்கோ என்போமே அது, சேற்றில் பாதி புதைந்து நிற்கிறது. ஓட்டுபவரின் கதவு திறந்திருக்கிறது. உள்ளே ஆள் இல்லை. படத்துக்குக் கீழே அந்த ஆளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பஞ்சைக் கடித்தபடியே எழுத உட்கார்ந்தேன்.

"மலை இரவெல்லாம் உறுமியது, விடியும்போது—"

(எனக்கு எரிமலை தெரியாது. எங்கள் பக்கம் வயலும் கடலும்தான். அடித்துவிட்டேன்.)

"சாம்பல் பனியைப் போல—"

(பனியும் தெரியாது.)

"கிட்டங்கி ரோட்டை வெள்ளம் மூடினால் நாவிதன்வெளிச் சனம் எப்படி—"

(இது தெரியும். ஆனால் வெள்ளம் வடிந்தால் அடியில் ரோடு இருக்கும். சாம்பல் வடியாது. நனைந்தால் சீமெந்தாக இறுகும். சரிவில் கிடக்கும் சாம்பல் அடுத்த மழைக்குச் சேறாகி, நேற்றுத் திறந்த ரோட்டிலேயே இறங்கும். வாசித்துத் தெரிந்துகொண்டேன்.)

கடைசியில் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினேன். படத்தில் இல்லாத அந்த ஆளுக்கு பஸால் என்று பெயர் வைத்தேன். ஊர் சாய்ந்தமருது. மனைவி நஸ்லா. வளர்ந்த மகன் அஸ்கி. மகள் ஸம்றா. பிறகு, கை பழகிய தோஷம், ஸம்றாவுக்கு ஒரு கல்யாணத்தையும் வைத்துவிட்டேன்.*

* என் கதைகளை வாசிப்பவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றிலும் ஒரு கல்யாணம் உண்டு. வெளிநாட்டிலிருக்கும் வாப்பா, பெண்ணின் தகப்பன், கடைசி அத்தியாயத்தில் வேனில் வந்து இறங்குவார். வாசகிகள் அழுவார்கள். நானும்தான்.

2.

பஸாலைப் பேசவைப்பது சுலபமாக இருந்தது. அந்தத் தீவில் வேலை முடிந்ததும் நஸ்லாவுக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்புவார்.

"இஞ்சரு, ரோட்டத் திறந்துட்டம். அங்கால ஊர்ச் சனம் முதல்ல என்னத்தக் கொண்டு போனாங்க தெரியுமா? சீமெந்தும் இல்ல, தகரமும் இல்ல. தையல் மெசின்! நாலு பேர் தோள்ல வெச்சு. இரிக்க ஊடில்ல, மெசின் போகுது."

"நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"மரவள்ளி. அதக் கேளாத. கனவுலயும் மரவள்ளிதான் வருது."

"நிக்காஹுக்கு வருவீங்கதானே? தூரத்துல இரிக்கிறதால ஆருக்காவது போன்ல பொறுப்புக் குடுக்கலாமாம். மௌலவி சொன்னாரு."

"போன்ல புள்ளயக் குடுக்க இதென்ன காசு போடுற ரீலோடா? நானே வருவன், இன்ஷா அல்லாஹ்."

[இங்கே எனக்கு பஸால் மேல் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் அவர் மழைக்குள் நின்று மனிதாபிமானம் பற்றி ஒரு பக்கம் பேசினார். பெக்கோ ஓட்டும் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். இப்போது அவர் இவ்வளவுதான் சொல்கிறார்:]

"மழை புடிச்சிட்டு. மெசின் எல்லாத்தையும் துறைமுகத்துக்குக் கொண்டு வரட்டாம். ஊடு கட்டத் திரும்பிப் போன சனம் அங்கால மாட்டிக்கிட்டு. ஒருக்காப் போய் வழிய எடுத்து உட்டுட்டு வாறன். மறுகா கதைக்கிறன்."

சனம் வெளியே வந்துவிட்டது, குழந்தைகள் உட்பட. அவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, சேறு ரோட்டில் இறங்காமல் கடைசிவரை வழித்துத் தள்ளிக்கொண்டு நின்றார் என்று சொன்னார்கள். அதன் பிறகு அவரை யாரும் காணவில்லை. பெக்கோ மட்டும் படத்தில் உள்ளபடி நின்றது.

3.

இங்கே நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். திறந்த கதவு, மழை, முற்றுப்புள்ளி. குடும்பக் கதைக்காரி என்று என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள்கூட ஒருமுறை மெச்சுவார்கள்.

ஆனால் அந்தக் கல்யாணம் குறுக்கே நின்றது. மாப்பிள்ளை பஹ்மி, ஊர் நற்பிட்டிமுனை. கட்டாரிலிருந்து லீவில் வந்தவர், லீவு முடியப்போகிறது. நிக்காஹ் என்றால் பெண்ணுக்கு ஒரு வொலி வேண்டும். பொறுப்பாளராக இருந்து, வாயால் சொல்லி அவளைக் கொடுப்பவர். அது வாப்பா. வாப்பா இல்லாமல்?

எங்கள் தெரு மௌலவியிடம் போய்க் கேட்டேன், கதைக்காக என்று சொல்லி.

"கதைதானே," என்றார். "வாப்பாவக் கொண்டாந்து உடுங்களன். பேனை உங்கட கையில."

"அது ஏலாமத்தான் வந்த."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "வாப்பா உயிரோட தூரத்துல இரிக்காரு, தொடர்பு இல்ல எண்டா, காதியார், எங்கட கலியாண வழக்குப் பாக்கிற நீதவான், அவரு வொலியா நிப்பாரு. வாப்பா மௌத்து எண்டா, வாப்பாட வாப்பா. அவரும் இல்லாட்டி கூடப்பொறந்த ஆம்புள."

"இரிக்காரா இல்லையா எண்டே தெரியாட்டி?"

"உயிரோட எண்டுதான் எடுக்கிற. மௌத்து எண்டு ஊட்டாக்கள் நம்புற மாதிரிச் செய்தி வந்தா வேற. வந்ததா?"

"நான் இன்னும் எழுதல்ல."

"அப்ப எழுதிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து எழுதினேன். பஸாலைத் தீவுக்கு அனுப்பிய கம்பனியின் ஆள் கொழும்பிலிருந்து பேசுகிறான். அஸ்கி போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கிறான். தேடுவதை நிறுத்திவிட்டார்கள். தப்பியிருக்க வாய்ப்பில்லை.

"மையித்து?" என்கிறாள் நஸ்லா.

"உடல் கிடைக்கவில்லை, அம்மா."

ஒரு கதவைத் திறந்தே விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். நிக்காஹ் விடவில்லை. காதியார் நின்றால் பஸால் உயிரோடிருக்கிறார். அஸ்கி நின்றால் இல்லை (பஸாலின் வாப்பா எப்போதோ மௌத்து). நடுவில் உட்கார யாருக்கும் பாயில் இடமில்லை.

4.

மாப்பிள்ளையின் உம்மா சபியா உம்மா வந்திருந்தார். நல்ல பெண். அவரைக் கெட்டவராக எழுத எனக்கு மனமில்லை.

"அஸ்கியே நிக்கட்டும் மச்சி. கம்பனியே சொல்லிட்டானே."

"கம்பனி சேத்துக்குள்ள எறங்கிப் பாத்தானாமா?" என்றாள் நஸ்லா.

"நான் நிக்க மாட்டன்," என்றான் அஸ்கி. "நான் வாயத் தொறந்தா, வாப்பா மௌத்து எண்டு நானே சொன்ன மாதிரி. அந்த நிமிசத்துலரிந்து உம்மா இத்தா. வெள்ளையும் உடுத்துக்கிட்டு மாசக்கணக்கா அறைக்குள்ள. தங்கச்சிட கலியாணத்துல ஏலுமா?"

"காதியார் நிக்கட்டும்," என்றாள் நஸ்லா.

"நாளைக்கு மையித்துக் கெடச்சா? புருசன் சேத்துக்குள்ள, பொஞ்சாதி பிரியாணி பரிமாறினா எண்டு ஊரு கதைக்கும் புள்ள," என்றார் சபியா உம்மா.

"கதைக்கட்டும். ஊருக்கும் பசிக்கும்தானே, அதையும் திண்டுட்டுக் கதைக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். நஸ்லாதான். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸம்றா முன்னால் வந்தாள். "பஹ்மிக்கிட்ட நான் கேட்டன், காத்திரிப்பீங்களா எண்டு."

"என்ன சொன்னாரு?"

"ஓம் எண்டாரு. எவ்வளவு காலத்துக்கு எண்டு கேட்டாரு. அதுக்கு என்ன மறுமொழி சொல்ற? வாப்பா வரும்வரைக்கும் எண்டா? எது வரும்வரைக்கும்?"

[மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

வேன் வந்து நின்றது. பஸால் இறங்கினார், காலில் ஒரு கட்டு. எழுதும்போது கை தடையில்லாமல் ஓடியது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

"மையித்து வந்த அன்று—" இதற்கு மேல் போகவில்லை. அந்த வரியை எழுதிவிட்டு அடுப்பில் எதுவும் இல்லாமலே குசினிக்குப் போய் நின்றேன்.

கல்யாணத்தை ஒத்திவைத்தார்கள். பஹ்மி கட்டாருக்குப் போனார். இது முடிவல்ல, அதே கேள்விக்கு இன்னொரு தேதி.]

5.

ஆகவே நிக்காஹ் இன்றைக்கு, அஸர் தொழுகைக்குப் பிறகு. பாய் விரித்தாகிவிட்டது. மௌலவி வந்துவிட்டார். காதியாரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அஸ்கியும் தொப்பியோடு பக்கத்தில் இருக்கிறான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வேன்கள் தெரு முனையில் திரும்பிவிட்டன. ஹோன் கேட்கிறது.

நான் நஸ்லாவின் அறைக்குள் போனேன். எழுதுகிறவள் எந்த அறைக்குள்ளும் போகலாம். இதற்குள் போயிருக்கக் கூடாது.

குளித்துவிட்டு உள்பாவாடையோடு கட்டிலில் இருந்தாள். தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு சேலைகள். மயில் நீலத்தில் ஒன்று, கல்யாணத்துக்கென்று எடுத்தது. மற்றது வெள்ளை.

"ராத்தா," என்றாள் என்னிடம். "சபை என்னக் கேக்கச் சொல்லி ஆள் அனுப்பியிரிக்கி. பொஞ்சாதி சொல்றதத்தான் எடுப்பாங்களாம். நீங்கதானே எங்கள எழுதினீங்க. அவரு இரிக்காரா?"

"எனக்குத் தெரியாது புள்ள."

"தெரியாம என்னத்துக்கு எனக்குப் புருசனத் தந்தீங்க?"

அவள் என்னை விட்டு உங்களைப் பார்த்தாள். ஓம், இவ்வளவு நேரமும் இதை வாசித்துக்கொண்டு வாசலில் நிற்கும் உங்களைத்தான்.

"நீங்க சொல்லுங்க. வேன் வந்திட்டு. நான் எதை உடுக்கட்டும்?"