வலது கையில் கட்டிய வாட்ச்

சனிக்கிழமை என்சியா பொகுவா வீட்டுக் கதவைத் தட்டப் போக வேண்டும். கதவைத் தட்டுவது என்றால் பெண் கேட்பது. பெண் வீட்டில் கொடுக்க ஜின் பாட்டில்கள் வாங்கியாயிற்று; அவர்கள் அதை வாங்கிக்கொண்டால் சம்மதம். பேசுவதற்குப் பெரியப்பா வருகிறார், துணைக்குக் கூட்டாளி டூக்கு வருகிறான். என்சியாவிடம் இல்லாதது ஒரு வாட்ச்தான்.

வாட்ச் இல்லாமல் போனால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பொகுவாவின் தாய்மாமன் பெடியாகோவைத் தெரியாது. அந்த வீட்டில் அப்பா சொல்லுக்கு மேல் மாமா சொல். மூத்தவளைக் கட்டியவன் ஹாம்பர்க்கிலிருந்து வந்து, தங்கத்தில் ஒரு சுவிஸ் வாட்சை மாமா கையில் கட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து எந்த ஆம்பிளை வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மாமா மணிக்கட்டைத்தான் பார்க்கிறார். என்சியா டைல்ஸ் ஒட்டுகிறவன். அவன் மணிக்கட்டில் இருப்பதெல்லாம் சிமெண்ட் அரித்த தழும்பு. மாமா பாட்டிலைத் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டால் பொகுவா அவனுக்கு இல்லை.

வேலை விட்ட கையோடு டூக்குவை இழுத்துக்கொண்டு கெஜேட்டியா சந்தைக்குப் போனான். மாடிப்படிக்குக் கீழே அச்சியாவின் வாட்ச் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் மாமாவின் வாட்ச் மாதிரியே ஒன்று கிடந்தது. அதே முத்திரை, அதே பளபளப்பு. விலை ஒரு நாள் கூலி.

“இதுதான்டா,” என்றான் டூக்கு. “மாமனும் மருமகனும் ஜோடியா இருப்பீங்க.”

அச்சியா அதை எடுத்து என்சியாவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள். “முள்ளு எப்படிப் போவுது?”

“குதிச்சுக் குதிச்சுப் போவுதுக்கா.”

“அசல்ல வழுக்கிக்கிட்டுப் போகும். யாருகிட்ட காட்டப் போற?”

“பொண்ணு கேக்கப் போறேன். அவ மாமா கையில அசலே இருக்கு.”

“அப்ப இதைக் கட்டிக்கிட்டுப் போனா, வாயைத் திறக்கறதுக்கு முந்தியே பொய் சொன்ன மாதிரி. விக்கிற நானே சொல்றேன்.”

அவள் பெட்டியின் அடியிலிருந்து வேறொன்றை எடுத்தாள். எஃகு உடம்பு, கரும்பச்சை முகம், தோல் வார், உள்ளே பேட்டரி. மேலே யாரும் கேள்விப்படாத ஒரு பெயர். விலை மூன்று நாள் கூலி.

டூக்கு சிரித்தான். “பேர் பெத்ததுக்கு ஒரு நாள், ஊர் பேர் தெரியாததுக்கு மூணு நாளா? உங்க கடையே தலைகீழா இருக்குக்கா.”

“அது இன்னொருத்தன் பேரைத் திருடிக்கிட்டு வந்தது தம்பி. இவன் வேர்வை பட்டா அந்தத் தங்கம் உரிஞ்சு போயிடும். இது தன் பேரோட வந்திருக்கு. ஓடும்.”

என்சியா இரண்டையும் உள்ளங்கைகளில் வைத்துப் பார்த்தான். தங்கம் கண்ணைப் பறித்தது. அதைக் கட்டிக்கொண்டு மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்ததுமே அவனுக்குக் காது சுட்டது. பச்சையை வாங்கினான்.

திரும்பும் வேனில் டூக்கு விடவில்லை. “எப்படிக் காட்டுவ? அங்க பேசப் போறது பெரியப்பா. இடது கையைப் பெரியவங்க முன்னால நீ தூக்கக் கூடாது. மடியில கிடக்கிற கைக்கு வாட்ச் எதுக்கு?”

“பின்ன?”

“வலது கையில கட்டு. உள்ள போனதும் வரிசையா எல்லாருக்கும் கை குடுப்பல்ல? ஒவ்வொருத்தர் மூக்குக்குக் கீழயும் போய் நிக்கும்.”

மூன்று நாள் கூலி வீணாகாமல் இருக்க வேறு வழி என்சியாவுக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை அந்த வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்சியா வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தான். பெடியாகோ மாமா பிடித்த கையை விடவில்லை.

“தம்பி இடது கைக்காரனா?”

இடது கையால் சாப்பிடுகிறவனுக்கு, இடது கையால் நீட்டுகிறவனுக்கு அந்த வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்?

“ஐயையோ, இல்லீங்க,” என்றார் பெரியப்பா.

“அப்ப வாட்ச் ஏன் இந்தப் பக்கம் இருக்கு?”

பெரியப்பா என்சியாவைத் திரும்பிப் பார்த்தார். டூக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை பேசக் கூடாதுதான். ஆனால் பேசாமல் இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

“இடது கையில கட்டினா உங்களுக்குக் காட்ட முடியாது மாமா. உங்களுக்குக் காட்டத்தான் வாங்கினேன்.”

யாரோ ஓர் அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சிரிக்கவில்லை. அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இப்படி ஒரு பேரை நான் கேள்விப்பட்டதில்லையே.”

“நானும் கேள்விப்பட்டதில்ல மாமா. உங்களோடது மாதிரியே ஒண்ணு இதைவிட சல்லிசா இருந்துச்சு. வேண்டாம்னுட்டேன்.”

“ஏன்?”

“நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க.”

மாமாவின் வயிறு முதலில் குலுங்கியது, சிரிப்பு அப்புறம்தான் வந்தது. “கண்டுபிடிச்சிருப்பேன்,” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். “பிடிச்சுத் தெருவுல விட்டிருப்பேன்.” பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். பொகுவா வந்து நின்றாள்.

“இவங்க கொண்டுவந்த பாட்டிலை வாங்கிக்கலாமா?”

“வாங்குங்க மாமா.”

மூன்று தடவை கேட்பது வழக்கம். இரண்டாம் தடவையும் அதையே சொன்னாள். மூன்றாம் தடவை அவள் பார்வை என்சியாவின் கைக்குப் போயிற்று.

“வாங்குங்க மாமா. முதல்ல அவரைக் கை மாத்திக் கட்டச் சொல்லுங்க.”

கூடமே சிரித்தது. என்சியா வாரைக் கழற்றப் பார்த்தான். வார் புதுசு, விரலெல்லாம் வெடிப்பு, கொக்கி வரவில்லை. மாமா முன்னால் சாய்ந்து அதைத் தானே கழற்றினார். பிறகு வாட்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

பெரியவர் முன்னால் இடது கையை நீட்ட என்சியா தயங்கினான்.

“நீட்டுப்பா,” என்றார் மாமா. “நான்தானே கேக்கிறேன்.”