வீட்டில் கதைக்கும் பிள்ளை

"பிள்ள வீட்டில கதைப்பாவா?" என்று துஷாந்தினி டீச்சர் கேட்டதும், றாபியா பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகளின் சுபாவத்தை அறிந்து சொல்லும் பயிற்சி முடித்து வந்திருந்த டீச்சருக்குப் பாடசாலையில் தனியறை கிடைக்கவில்லை. மண்டபத்து மூலையில் ஒரு மேசை, கொஞ்சம் தள்ளி காத்திருக்கும் தாய்மார் உட்கார ஒரு வாங்கு. அந்த வாங்கில் பேரனோடு சல்மா உம்மா இருந்தார். றாபியாவின் மூத்த மகளைத் தன் மகனுக்குக் கேட்டு வந்திருப்பவர். உடம்புதான் வாங்கில், காது இந்த மேசையில்.

இளையவள் ஸுஹைறா தாயின் சாரித் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள். நாவிதன்வெளி வயலுக்குப் போன வாப்பா திரும்பி வராததிலிருந்து அவள் யாரோடும் ஒரு சொல் பேசியதில்லை. வீட்டிலும் இல்லை. அதைச் சொல்லி அழத்தான் றாபியா வந்திருந்தாள். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குச் சுகமில்லையாம் என்ற கதை கிளம்பினால், தகப்பனில்லாத மூத்தவளை யார் எடுப்பார்கள்?

"ஓம் டீச்சர்," என்றாள், வாங்குக்கும் கேட்கும்படி. "ஊட்டில வாயே மூடமாட்டாள். மூத்தவளோட எந்த நேரமும் சண்டதான்."

டீச்சரின் முகம் தெளிந்தது. நல்ல பெண், அவளைக் குறை சொல்ல முடியாது. "அப்ப பயப்பட ஒண்டுமில்ல. இது பிடிவாதம். கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி வகுப்பு டீச்சரிட்டச் சொல்றன்."

ஸுஹைறா தலையை உயர்த்தித் தாயைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் றாபியா தாங்கியிருப்பாள். பிள்ளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"மாஷா அல்லாஹ்," என்றார் சல்மா உம்மா. "நானும் ஊமையோ எண்டு நினச்சிட்டன்."

கலியாணம் பேசி முற்றாகியது. சாமான் வாங்கக் கடைக்குப் போகும் வழியில் றாபியா பாடசாலையின் அரைச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வகுப்பு முழுவதும் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தது. ஸுஹைறாவை மட்டும் வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. நிக்காஹ் முடியட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொன்ன தன்னையே வெறுத்தாள்.

பிள்ளை அவளைக் கண்டுவிட்டாள். உதடுகள் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்தன. உம்மா என்று தன்னைக் கூப்பிட்டதாகத்தான் இருக்க வேண்டும். சத்தம் வந்ததா என்று அந்த இரைச்சலில் றாபியாவுக்குக் கேட்கவில்லை.