மாமியார் வாசித்த மூன்று கோடுகள்

கண் ஆபரேஷன் முடிந்து மாமியார் மகள் வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. மருமகனோடு பேச்சு, "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு" என்பதோடு சரி. அவன் முன்னறையில் அளவுக் கருவிகளைப் பழுதுபார்ப்பவன். அவர் நாற்பது வருடம் துணி தைத்தவர்.

அன்று காலை அவன் மேசையில், மின்னோட்டத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் ஒன்று திறந்து கிடந்தது. திரையில் நேராக ஓடவேண்டிய கோடு கூன்விழுந்து ஓடியது. உள்ளே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் நான்கு டையோடுகள், அரிசியைவிடச் சற்றே பெரியவை, ஒரே ரகம். ஒன்று கருகியிருந்தது. மற்ற மூன்றின்மேல் எண்ணுக்குப் பதில் மும்மூன்று வண்ணக் கோடுகள், நிறத்துக்கு ஒரு எண். அதை வாசித்தால்தான் மாற்று எதுவென்று தெரியும்.

அதுதான் அவனால் முடியாது. சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் அவன் கண்ணுக்கு ஒரே சேறு. கல்யாணமான நாள் முதல் மனைவிதான் நிறம் வாசிப்பாள். அவள் பேருந்து ஓட்டுகிறாள். வண்டியில் ஏறிவிட்டால் போனை எடுக்க மாட்டாள்.

"என்ன மாப்பிள்ளை, அதையே முறைச்சுப் பாத்துட்டிருக்கீங்க? கடிச்சிருச்சா?" மாமியார் கதவருகே நின்றார்.

ஏதோ பொய் சொல்ல வாயெடுத்தவன், அதை விழுங்கினான். "அத்தை, எனக்குச் சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாது."

அவர் அதிரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மொதல்லயே சொல்றதுக்கென்ன? புதுக் கண்ணு சும்மாதானே இருக்கு. கொடுங்க இப்படி."

"தடிச்ச கோட்டுலருந்து சொல்லுங்க" என்று நல்ல மூன்றில் ஒன்றைக் கழற்றி நீட்டினான்.

"மயில்கழுத்து."

"நீலம்னே வெச்சுக்குவோம். ஆறு."

"அடுத்தது அரக்கு."

அவன் பேனா நின்றது. "சிவப்பா, பழுப்பா? சிவப்புன்னா ரெண்டு, பழுப்புன்னா ஒண்ணு."

"அரக்குன்னா அரக்குதான்."

"இந்தக் கணக்குல மொத்தமே பத்து நிறந்தான் அத்தை."

"பத்தா? பத்து நிறத்த வெச்சுக்கிட்டு ஒரு சட்டைக்குப் பொத்தான்கூடத் தேட முடியாதே!" ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சரி, சிவப்பு. கடைசி பச்சை."

ஆறு, இரண்டு, ஐந்து. டையோடு ரகங்களின் பட்டியல் புத்தகத்தில் அந்த எண் இருந்தது. அவன் பெட்டியில் அந்த ரகம் இல்லை. தாங்கும் மின்னழுத்தத்திலும் வேகத்திலும் அதற்குக் குறையாத ஒரு ரகத்தைத் தேடி, மீட்டரில் ஒரே அளவு காட்டிய நான்கைப் பொறுக்கினான்.

"கெட்டது ஒண்ணுதானே?" என்றார் மாமியார்.

"நாலும் ஒத்துப்போகணும் அத்தை. ஒண்ணு மட்டும் புதுசா வந்தா ஒட்டாது."

"ஆமாமா, மத்தது ஒதுக்கி வெச்சிரும்" என்றார் அவர், அனுபவப்பட்டவர்போல.

பற்றவைத்து முடித்ததும் திரையில் கோடு நிமிர்ந்து ஓடியது. மாமியார் கைதட்டியேவிட்டார்.

மாலையில் மனைவி வீடு திரும்பியபோது, இருவரும் ஒரு டப்பா நிறையப் பழைய டையோடுகளைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படி ஒரு நம்பரே கிடையாது. நல்லாப் பாருங்க அத்தை!"

"டாக்டரே மெச்சின கண்ணு மாப்பிள்ளை இது! உங்க புத்தகத்துலதான் தப்பு!"

இந்த இரண்டு பேரும் குரல் உயர்த்திப் பேசி அவள் கேட்டதே இல்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமலே கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு சத்தமில்லாமல் உள்ளே போய் மூன்று பேருக்கும் டீ போட்டாள்.