பாண்டிச்செல்வியின் கல்யாண லீவு

பாண்டிச்செல்விக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்பதில் ஒரகடம் ஒயரிங் கம்பெனியில் யாருக்கும் சந்தேகமில்லை, ஹெச்.ஆர். லோகேஷைத் தவிர. பிள்ளை வளர்ந்ததோ அவள் அக்கா உலகம்மாளின் வயிற்றில். தங்கையின் கர்ப்பப்பை தாங்காது என்று டாக்டர் கைவிரித்தபோது, அதே அசெம்பிளி லைனில் வேலை பார்த்த அக்கா, "என் வயிறு சும்மாதானட்டீ கெடக்கு" என்றுவிட்டாள். கரு பாண்டிச்செல்விக்கும் அவள் புருஷன் பேச்சிராஜுக்கும் சொந்தம். சுமை மட்டும் அக்காவுக்கு.

ஏழாம் மாதம் கேன்டீனில் வளைகாப்பு. கண்ணாடி வளையலுக்கு உள்ளே அனுமதி கிடையாது. ஒயர் கட்டும் கலர் பிளாஸ்டிக் பட்டைகளைத்தான் லைன் பெண்கள் மாட்டுவார்கள். யார் கைக்கு என்று கொஞ்சம் குழம்பி, இரண்டு பேர் கைக்கும் மாட்டினார்கள். அந்தப் பட்டை இறுகுமே தவிரத் தளராது. கடைசியில் கட்டர் வைத்து வெட்ட வேண்டியதாயிற்று.

பிரசவ லீவு யாருக்கு என்பது அப்படித் தீரவில்லை. லோகேஷ் வக்கீலுக்குப் போன் போட்டான். 2013 ஆகியும் சட்டத்துக்குத் தாய் என்றால் பெற்றவள்தானாம். அக்கா தன் லீவைத் தங்கைக்குத் தருவதாகச் சொல்லிப் பார்த்தாள். பெற்றவளை உடனே வேலைக்கு வைத்தால் கம்பெனி மேல் கேஸ் வரும் என்றான் அவன்.

அந்நேரம் அதே கம்பெனியில் வேலை பார்க்கும் பேச்சிராஜ் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான். அப்பாக்களுக்குக் கம்பெனி தரும் மூன்று நாள் லீவு அவனுக்குக் கிடைத்துவிட்டதாம்.

பாண்டிச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவுக எந்த வயித்துல சுமந்தாகளாம் சார்? நான் மட்டும் எம்பிள்ள மொகத்த ஷிப்டு முடிஞ்சுதான் பாக்கணுமா?"

லோகேஷ் தலையைச் சொறிந்தபடி கம்பெனி விதிகளைப் புரட்டினான். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் லீவு உண்டு. பத்திரிகை காட்டினால் போதும்.

"கட்டுன ஆளையே இன்னொரு வாட்டி கட்டக்கூடாதுன்னு இதுல போடலக்கா" என்றான் பாண்டிச்செல்வியிடம்.

உலகம்மாளின் பிரசவ ஆபரேஷனுக்கு டாக்டர் சொன்ன தேதியிலிருந்து ஒரு வாரம் தள்ளி முகூர்த்தம் வைத்துப் பத்திரிகை அடித்தார்கள். அது லீவுக்கு மட்டும்தான் என்று பாண்டிச்செல்வி நினைத்திருந்தாள். பத்திரிகை வைத்தால் போகாமல் இருக்க லைனில் யாருக்கும் மனசு வராது. ஆபரேஷன் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்தபின், குறித்த நாளில் படப்பை வாடகை வீட்டு வாசலில் கம்பெனி பஸ்ஸே வந்து நின்றது. எல்லார் கையிலும் எவர்சில்வர் பாத்திரம். ஒருத்தி கையில் மாலை. வேறு வழியில்லாமல் பேச்சிராஜ் கழுத்தை நீட்டினான்.

கூட்டம் பார்த்து மாடியிலிருந்து இறங்கி வந்தாள் வீட்டுக்காரம்மா சின்னப்பொண்ணு. புருஷன் பெண்டாட்டிக்குத்தான் வீடு என்று கறாராகச் சொல்லி வாடகைக்கு விட்டவள். மாலையைப் பார்த்தாள், மணப்பெண் தோளில் தூங்கும் சிசுவைப் பார்த்தாள்.

"இன்னாமா இது? இத்தினி நாளா கட்டிக்காமயா குடித்தனம் பண்ணிக்கினு இருந்தீங்க?"

பாண்டிச்செல்வி குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். "ஆமாக்கா. இப்பத்தான் லீவு கெடச்சது."